சூடு என்னும் சொல்: முதியோரை வெப்பத்தினின்று காத்தல்



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் மொழியியலாளர் ஒருவர் பேச வந்தால், ஒலியனைப் பற்றியோ சொற்பிறப்பைப் பற்றியோ பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியோ பேசுவார் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் முதியோரின் உடல்நலம். குறிப்பாக, வெப்பத்தால் அவர்களுக்கு நேரும் கேடு. இது மருத்துவர் பேச வேண்டிய பொருளன்றோ என நீங்கள் வினவலாம். மருத்துவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நம் வீட்டுப் பெரியவர்களின் காதில் எந்தச் சொல்லாக விழுகிறது, விழுந்தபின் என்ன பொருளாக மாறுகிறது என்பது மொழியைப் பற்றிய வினா. அவ்வினாவை எழுப்பத் தவறியதால் எம் குடும்பத்தில் ஓர் உயிர் போகும் நிலைக்கு வந்தது. அதனையும் மறைக்காமல் இவ்வவையில் சொல்வோம்.

நம் ஊரின் வெப்பம்

“வெயில் என்றால் நாங்கள் திருச்சியில் பார்த்திருக்கிறோம், இதெல்லாம் ஒரு வெயிலா?” என்று தமிழகத்திலிருந்து வந்த பெரியவர்கள் சொல்வதுண்டு. எண்களை மட்டும் நோக்கினால் அவர்கள் கூற்று சரியெனவே தோன்றும். சிங்கப்பூரில் 1983 ஏப்ரல் 17ஆம் நாள் தெங்காவில் 37.0 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023 மே 13ஆம் நாள், அங் மோ கியோவில் அதே அளவு மீண்டும் எட்டப்பட்டது. மலேசியாவில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயில் நாற்பதைத் தாண்டுவது மக்கள் அடிக்கடி காணும் செய்தி.

ஆயினும் நம் ஊரின் வெப்பத்துக்குத் தமிழில் வேறொரு சொல் உண்டு. வெயில், வெப்பம், வெம்மை, வெக்கை, வெந்நீர், வேனில் ஆகியவை ஒரு குடும்பத்துச் சொற்கள். ‘வே’ என்னும் வினையோடு உறவுடையவை. புழுக்கம் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது ‘புழுங்கு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. புழுங்கல் அரிசியை அறிவீர்கள். நெல்லை ஊறவைத்து, தீ நேரே படாமல், ஆவியில் வேகவைப்பதே புழுக்குதல். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்களில் “ஒரே அவிச்சல்” என்பார்கள். அவித்தலும் ஆவியில் வேகவைத்தலே. இரு வழக்குகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: வெயில் மேலே படாமலே, வீட்டுக்குள் இருந்தபடியே, ஒருவர் உடல் வெந்துபோகலாம்.

அறிவியலும் இதனை ஒப்புகிறது. வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. சுரந்த வியர்வை ஆவியாகும்போதுதான் உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். உடலின் நீரும் உப்பும் குறையும். வெப்பமோ உள்ளேயே தங்கும். சிங்கப்பூரின் ஒப்பு ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டது.

இதனால்தான் 2023 ஜூலை முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் வெப்ப அறிவுரை, சாதாரண வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்புவதில்லை. காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், கதிரவனின் வீச்சு ஆகிய நான்கையும் சேர்த்து ஓர் அளவு காண்கிறார்கள். அவ்வளவு 31க்குக் கீழிருந்தால் ‘குறைவு’. 31 முதல் 33க்குள் ‘மிதம்’. 33ஐ எட்டினால் ‘உயர்வு’. “33 தானே, நேற்றுக்கூட 33 இருந்ததே” என்று ஒருவர் எண்ணினால் அது பிழை. அந்த 33 வேறு, வெப்பமானியின் 33 வேறு. ஒரே எண் இரு பொருள் தருவதும் மொழிச்சிக்கலே.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தது. வேனில் வரும், போகும். மக்கள் அதற்கு ஆயத்தமாவார்கள். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் சற்று மிகும் என்பதன்றி வேனில் எனத் தனிப்பருவம் இல்லை. நண்பகல் என்ற எல்லையும் இல்லை. மேற்கு நோக்கிய அடுக்குமாடி வீட்டின் காங்கிரீட் சுவர் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவெல்லாம் அதனை அறைக்குள் உமிழ்கிறது. ஆகவே இரவும் ஆபத்தான பொழுதாகிறது.

முதுமையும் வெப்பமும்

இளையோர் தாங்கும் வெப்பத்தை முதியோர் தாங்காமைக்குக் காரணங்கள் உண்டு. முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. உடலில் நீர் குறைந்த பின்னும் நா வறண்டதாகத் தோன்றுவதில்லை. வியர்வை தாமதித்துச் சுரக்கிறது, குறைவாகவும் சுரக்கிறது. வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்குக் குருதியை மிகுதியாக அனுப்ப வேண்டும். தளர்ந்த இதயத்துக்கு அது பெருஞ்சுமை. நீரிழிவு நரம்புகளைப் பாதித்திருந்தால் வியர்வை மேலும் குறையும். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் ‘நீர் மாத்திரை’ உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றும். சில ஒவ்வாமை மருந்துகளும் மனநல மருந்துகளும் வியர்வையைத் தடுக்கும். இம்மருந்துகளை எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது. வெப்பம் மிகுந்த நாள்களில் எப்படி உட்கொள்வது என மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும் என்பதே செய்தி.

பழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிடுவோமோ என அஞ்சி, மாலைக்குப்பின் நீரே அருந்தாத பெரியவர்களை யாம் அறிவோம். மின்கட்டணத்தை எண்ணி விசிறியைக் குறைப்பவர்களும் உண்டு. மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களோ, “தோட்டத்தில் உழைத்த உடம்பு, வெயில் எங்களை என்ன செய்யும்?” என்பார்கள். உடல் வெப்பத்துக்குப் பழகுவது உண்மையே. ஆனால் அப்பழக்கம் சில வாரங்கள் வீட்டுக்குள் இருந்தாலே நீங்கிவிடும். நாற்பது ஆண்டுக்கு முந்திய உழைப்பு இன்றைய உடலைக் காவாது. அதே பாட்டாளிகள் விடியுமுன்னே பால்வெட்டப் போய் உச்சிவெயிலுக்கு முன் வீடு திரும்பியவர்கள். அவர்களிடமிருந்து இன்று நாம் கற்க வேண்டியது அந்த நேர ஒழுங்கையே.

எம் தமக்கையார்

எம் தமக்கையார்க்கு 2023இல் அகவை 77. கணவர் மறைந்தபின் மூவறை வீடொன்றில் தனியே வாழ்ந்தார். கூடம் மேற்கு நோக்கியது. நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அவருடன் தொலைபேசியில் பேசுவது எம் வழக்கம். அவ்வாண்டு மே மாதத்தில் எங்கள் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது:

“அக்கா, எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் தம்பி.”

“தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேன், குடிச்சேன்.”

“சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு.”

ஒருநாள் மட்டும் ஒரு சொல் கூடுதலாக வந்தது. “உடம்பு கொஞ்சம் சூடா இருக்கு. நாளைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா சரியாப் போயிடும்” என்றார். “சரிக்கா, செய்ங்க” என்றோம்.

மறுநாள் மாலை அவர் குரல் மெதுவாக ஒலித்தது. பேச்சின் நடுவே, “நீங்க சாப்பிட்டீங்களா அண்ணா?” என்று கேட்டார். எங்கள் அண்ணன் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. யாம் சிரித்துக்கொண்டே, “அக்கா, நான் தம்பி” என்றோம். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. வேறெதையோ தொடங்கி முடிக்காமல் விட்டுவிட்டார். தொலைபேசியை வைத்தபின் யாம் செய்ததைச் சொல்ல நாணுகிறோம். வாய்தவறிய சொற்களைத் தொகுப்பது எம் நெடுநாள் வழக்கம். குறிப்பேட்டை எடுத்து, ‘உறவுப்பெயர் மாறுதல்: தம்பி, அண்ணா’ என்று எழுதி நாளும் இட்டோம்.

மறுநாள் காலை, அடுத்த வீட்டு மலாய்ப் பெண்மணி, கதவு திறக்கப்படாததைக் கண்டு எமக்குத் தகவல் தந்தார். உள்ளே போனபோது தமக்கையார் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தோல் உலர்ந்து சுட்டது. எம்மை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சன்னல்கள் சாத்தியிருந்தன. மருத்துவமனையில் உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டியிருந்தது என்றார்கள். நீரும் உப்பும் மிகக் குறைந்துவிட்டன, இன்னும் சில மணி நேரம் கழிந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்றார்கள். எட்டு நாளில் வீடு திரும்பினார். பின்னொரு நாள் யாம் நடந்ததைச் சொன்னபோது, “உன்னைப் போய் அண்ணான்னா கூப்பிட்டேன்?” என்று அவர் வியந்தார்.

வெப்பம் மூளையைத் தாக்கும்போது பேச்சும் குழம்பும். குழறல், தொடர்பற்ற பேச்சு, ஆள்மாறாட்டம் ஆகியவை மருத்துவ ஏடுகள் கூறும் அபாயக் குறிகள். அக்குறி எம் காதிலேயே விழுந்தது. வாழ்நாளெல்லாம் பேச்சை ஆராய்ந்த யாம் அதனைத் தரவாக எழுதிவைத்தோம், செய்தியாகக் கேட்கவில்லை.

மூன்று சொற்கள்

அன்று முதல் மூன்று சொற்களைப் பற்றி எண்ணிவருகிறோம்.

முதலாவது, ‘சூடு’. நம் வழக்கில் ‘உடம்பு சூடு’ என்பது வெப்பமானி காட்டும் நிலையன்று. கண் எரிச்சல், வாய்ப்புண், நீர்க்கடுப்பு இவையெல்லாம் சூட்டின் அடையாளங்கள். மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என உணவையும் அவ்வாறே பகுத்திருக்கிறோம். இம்மரபை இகழ்வது எம் நோக்கமன்று. நீர்க்கடுப்பு, உடலில் நீர் குறைந்தமையின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். உப்பிட்ட மோர் நீரையும் உப்பையும் ஒருங்கே தரும். ஆயினும், “உடல் சூடு கூடினால் உடனே உதவி நாடுங்கள்” என்று அறிவிப்பில் எழுதினால், பெரியவர் எண்ணெய்க் கிண்ணத்தையே நாடுவார். அவர் அறிவிப்பை மதிக்கவில்லை என்று சொல்லவியலாது. தமக்குத் தெரிந்த பொருளில் மதித்திருக்கிறார். ஆகவே, “எண்ணெய் தேய்த்துத் தணியும் சூடு வேறு, இது ஆளை மயக்கும் சூடு” என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, நோயின் பெயர். ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்பதை ‘வெயில்தாக்கு’ என்கிறோம், ‘வெப்பத்தாக்கு’ என்கிறோம், சிலர் ‘வெப்பப் பக்கவாதம்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். வெயில்தாக்கு என்றால், வெயிலில் போகாதவருக்கு அது வாராது என்ற பொருள் கிடைக்கிறது. எம் தமக்கையார் வெயிலில் போகவே இல்லை. பக்கவாதம் என்றால், கைகால் விழுந்ததா, வாய் கோணியதா என்று பார்ப்பார்கள். அவை இல்லையெனின் கவலை நீங்கிவிடும். ‘வெப்பத்தாக்கு’ ஓரளவு பொருந்தும். எச்சொல்லாயினும், “வீட்டுக்குள்ளும் வரும், முதலில் பேச்சும் நினைவும் குழம்பும்” என்ற விளக்கத்தையும் உடன் சேர்த்தே வழங்க வேண்டும்.

மூன்றாவது, ‘நல்லா இருக்கேன்’. இது நலத்தைப் பற்றிய தகவலன்று. உறவைப் பேணும் மரபுத் தொடர். பிள்ளைகளுக்குத் தொல்லை தரலாகாது என்னும் எண்ணமும் அதனுள் அடங்கியிருக்கிறது. மனம் புழுங்குவதையும் உடல் புழுங்குவதையும் ஒரே வினையால் சொல்லும் மொழி நம்முடையது. இரண்டையும் மறைக்க ‘நல்லா இருக்கேன்’ என்பதையே பெரியவர்கள் பயன்படுத்துகிறார்கள். “தண்ணி குடிச்சீங்களா?” என்ற வினாவும் அத்தகையதே. ஆம், இல்லை என விடை வேண்டும் வினாவுக்கு மதிப்புக் கருதி ‘ஆம்’ என்றே விடை வரும்.

கேட்கும் முறை

ஆகவே வினாவை மாற்றுவோம். “காலையிலிருந்து எத்தனை தம்ளர் குடிச்சீங்க? கடைசியா எப்பக் குடிச்சீங்க?” என்று கேட்டால் பெரியவர் எண்ணிப்பார்த்தே விடை சொல்லியாக வேண்டும். “இப்ப எங்க உட்கார்ந்திருக்கீங்க? சன்னல் திறந்திருக்கா? விசிறி ஓடுதா? இன்னைக்கு என்ன சமைச்சீங்க?” என்று தொடர்ந்து பேசினால், விடைகளின் ஒழுங்கே அவர் நிலையைக் காட்டும். நேற்றுவரை சரளமாகப் பேசியவர் இன்று தடுமாறினாலோ, உறவை மாற்றி அழைத்தாலோ, “வயசாச்சு” என்று தள்ளிவிடாதீர்கள். அன்றே, அப்போதே யாரேனும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். “ஒரு மாதிரியா இருக்கு” என்று பெரியவர் சொன்னால் அதனை நோய்க்குறியாகவே கொள்ளுங்கள். தலைசுற்றல், குமட்டல், சோர்வு எனக் கையேடு பட்டியலிடுவன யாவும் அவர் வாயில் அந்த ஒரு தொடராகவே வெளிப்படும்.

கட்டளையின் வடிவமும் கருதத்தக்கது. “தண்ணி குடிங்க” என்றால், “அப்புறம் குடிக்கிறேன்” என்பார். “வாங்க, நாம ஆளுக்கு ஒரு தம்ளர் குடிப்போம்” என்று தம்ளரை முன்னே வைத்து நாமும் குடித்தால், மறுப்பது அரிது. கேட்போரையும் உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என இரண்டையும் வேறுபடுத்தும் மொழி தமிழ். அந்த உளப்பாட்டு ‘நாம்’ இங்கே உயிர்காக்கும் இலக்கணமாகிறது. இதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்க்கு எவ்வளவு நீர் என்பதை மட்டும் மருத்துவர் சொற்படியே அமைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பகலில் வெளிவேலை தவிர்த்தல், மேற்குச் சன்னலுக்குத் திரையிட்டுப் பொழுது சாய்ந்தபின் திறந்துவிடுதல், மெல்லிய பருத்தி உடை, ஈரத்துணியால் கைகால்களைத் துடைத்து விசிறிக்கு முன் அமர்தல், குளிரூட்டிய நூலகத்திலோ சமூக மன்றத்திலோ சில மணி நேரம் கழித்தல் ஆகியவை எளிய காப்புகள்.

நிலைமை மிஞ்சிவிட்டால் தயங்கலாகாது. உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டுவதும் நினைவு குழம்புவதும் வெப்பத்தாக்கின் அடையாளங்கள். ஆயினும், வெப்ப நாளில் நினைவு குழம்பியவரைக் கண்டால் வெப்பமானியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை உடனே அழையுங்கள். மருத்துவ வண்டி வருமுன்பே குளிர்விக்கத் தொடங்குங்கள்: குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறுங்கள், பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் நீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இவ்வெப்பத்தைத் தணிக்காது.

வகுப்பறையின் பணி

1995 ஜூலையில் சிக்காகோ நகரில் சில நாள் வெப்பம் எழுநூறுக்கும் மேற்பட்டோரை மாய்த்தது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். இரு நிகழ்ச்சிகளிலும் இறந்தவருள் பெரும்பாலோர் முதியோர். தனித்து வாழ்ந்தோர் பலர். குளிரூட்டி இல்லாமையைப் போலவே, பேச ஆளில்லாமையும் அவர்களுக்குக் கேடு செய்தது. சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டளவில் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என மதிப்பிடப்படுகிறது. இது நமக்கும் உரிய கவலை.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்க்கு ஒரு களப்பணி கொடுங்கள். தாத்தா பாட்டியிடமோ அடுத்த வீட்டுப் பெரியவரிடமோ சென்று, வெப்பத்தைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து வரட்டும்: காந்துது, கிறுகிறுங்குது, கண்ணு இருட்டுது, அவியுது. பின்பு அச்சொற்களைக் கொண்டே ஓர் எச்சரிக்கைத் தாளை மாணவர்கள் எழுதட்டும். பெரிய எழுத்தில், சிறு வாக்கியங்களில், அப்பெரியவருக்கு நேரே படித்துக் காட்டட்டும். அவருக்கு விளங்காத வரியை அடித்துவிட்டு மீண்டும் எழுதட்டும். மொழிபெயர்ப்பு, சொல்வங்கி, வட்டார வழக்கு என மூன்று பாடங்களும் இதில் அடங்கும். இத்தனையும் நடக்கும் நேரத்தில் பெரியவரின் அருகில் ஓர் ஆள் அமர்ந்து பேசியிருப்பார், அதுவே முதற்காப்பு.

மாணவர்களே, தமிழில் பேசுவதற்கு எங்கே வாய்ப்பு என்று நீங்கள் கேட்பதுண்டு. அன்றாடம் மாலை ஒரு பெரியவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். அவர் பேச்சு உங்களுக்குப் பழகியிருந்தால்தான், அது மாறும் நாளில் மாற்றம் உங்கள் காதுக்கு எட்டும்.

எம் தமக்கையார்க்கு இப்போதும் மாலை ஏழு மணிக்கு அழைக்கிறோம். “எத்தனை தம்ளர்க்கா?” என்பதே முதல் வினா. “வாத்தியார் கணக்குக் கேக்கிறார்” என்று அவர் அலுத்துக்கொள்வார், எண்ணைச் சொல்வார், முடிவில் “வைக்கிறேன் தம்பி” என்பார். அந்தத் ‘தம்பி’யைக் கேட்ட பின்னரே தொலைபேசியை வைக்கிறோம்.